மேடையில் சொன்னதைச் சட்டத்தில் எழுதுங்கள்: துருக்கிக் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

துருக்கி நாடாளுமன்றக் கட்சிகளின் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தமிழ்நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த முஸ்லிம் நான். எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். உங்கள் நாட்டுக் குர்துகளில் பெரும்பாலோரும் ஷாஃபிகள்தான். அந்த ஒட்டுதலால் குர்து மக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கி, உங்கள் தேர்தல்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஜும்ஆவுக்கு முன் தமிழில் பயான் கேட்டு வளர்ந்தவன் நான். தாய்மொழியில் மார்க்கம் பேசினால் நாடு உடைந்துவிடும் என்ற உங்கள் அச்சம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குர்து வாக்காளரிடம் போகும்போது நீங்கள் எல்லோரும் மார்க்கத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோதான் பேசுகிறீர்கள். அப்போது உங்களுக்குக் குர்து மொழி இனிக்கிறது, ஷெய்குமார்களின் நினைவு வருகிறது, ஆயிரம் ஆண்டுச் சகோதரத்துவம் வருகிறது. வாக்கு எண்ணி முடித்த பிறகு அதே மொழிக்காக வழக்கு போடப்படுகிறது, அதே மக்கள் தேர்ந்தெடுத்த மேயர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டுமல்ல, ஒரு தலைமுறையின் பழக்கமும் அல்ல. அதனால்தான் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

அதிபர் எர்டோகன் அவர்களே, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். 2015 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, தென்கிழக்கு நகரங்களின் மேடைகளில் குர்து மொழிபெயர்ப்புடன் கூடிய குர்ஆனைக் கையில் உயர்த்திக் காட்டினீர்கள். உங்கள் அரசின் மத விவகாரத் துறையான தியானெத் அச்சிட்ட பிரதி அது. அந்தத் துறையைக் கலைப்போம் என்று குர்து ஆதரவு மக்கள் ஜனநாயகக் கட்சி அறிக்கை வெளியிட்டிருந்தது. அவர்கள் துறையை மூடச் சொல்கிறார்கள், நாங்கள் குர்ஆனைக் குர்து மொழியில் தருகிறோம் என்பதுதான் மேடையில் நீங்கள் வைத்த வாதம். அரசியலமைப்புப்படி அதிபர் கட்சி சார்பற்றவராக இருக்க வேண்டிய காலம் அது. அதையும் விட என்னை வருத்தியது வேறு. அல்லாஹ்வின் வேதம் ஒரு மக்களின் மொழியில் வந்தது உண்மையிலேயே நல்ல காரியம். அதை எதிர்க்கட்சிக்கு எதிரான சான்றாகக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஓர் அரசியல்வாதி தமிழ்க் குர்ஆனைத் தூக்கிக்கொண்டு ஓட்டு கேட்க வந்தாலும் நான் இதையேதான் சொல்வேன்.

குர்து மக்கள் பதில் சொன்னார்கள். ஜூன் 7 தேர்தலில் மக்கள் ஜனநாயகக் கட்சி 13 விழுக்காடு வாக்குகளுடன் 80 இடங்களைப் பிடித்தது. 10 விழுக்காடு என்ற உயரமான தடையை ஒரு குர்து ஆதரவுக் கட்சி தாண்டியது அதுதான் முதல் முறை. குர்துப் பகுதியின் பெரிய நகரான தியார்பகிரின் 11 இடங்களில் 10 அவர்களுக்குப் போயின. 2002இலிருந்து உங்களிடம் இருந்த பெரும்பான்மை போனது. ஐந்து வேளை தொழுகிற, அதற்கு முன்பு உங்களுக்கே வாக்களித்து வந்த குர்துகள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் போனதால் நடந்தது இது. முந்தைய ஆண்டு அக்டோபரில் சிரியாவின் குர்து நகரமான கொபானியை ஐ.எஸ். சுற்றி வளைத்திருந்தபோது, "கொபானி விழப் போகிறது" என்ற தொனியில் நீங்கள் காஸியன்டெப்பில் பேசினீர்கள். எல்லைக்கு அப்பால் அங்கே சிக்கியிருந்தவர்கள் இவர்களுடைய மாமன் மச்சான்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர்களிடம் ஏழு மாதம் கழித்து குர்ஆனைக் காட்டினால் என்ன நினைப்பார்கள்?

அதே ஆட்களைப் பற்றி, குர்து ஆயுதக் குழுவினரையும் அவர்களை ஆதரிப்பவர்களையும் பற்றி, ஜொராஸ்திரியர்கள், நாத்திகர்கள் என்று பல முறை பேசியிருக்கிறீர்கள். ஓர் அரசியல் கோரிக்கைக்குப் பதிலாக ஈமானைச் சோதிப்பது எந்த வகையில் நியாயம்? குர்துகளில் சுன்னி வழியைச் சேராத அலெவிகள் இருக்கிறார்கள், யஸீதிகள் இருக்கிறார்கள், மதமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். "நாமெல்லாம் முஸ்லிம் சகோதரர்கள்" என்று சொல்லி உரிமை தருவதாக இருந்தால், இவர்களுக்கு உரிமை எந்தக் கணக்கில் வரும்? தெர்சிம் பகுதி அலெவிக் குர்துகளுக்கு 1937-38இல் நடந்த படுகொலைகளுக்காக 2011இல் அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டீர்கள். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சின் பெரும்பகுதி அப்போது ஆட்சியில் இருந்த குடியரசு மக்கள் கட்சியைக் குற்றம் சாட்டுவதற்கே செலவானது. அலெவிகளின் ஜெம் இல்லங்களுக்குப் பள்ளிவாசல்களுக்குச் சமமான வழிபாட்டுத் தல அந்தஸ்து கிடைக்கவில்லை.

உங்கள் கட்சி நல்லதே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2005 ஆகஸ்டில் தியார்பகிருக்குப் போய், குர்துப் பிரச்சினை என் பிரச்சினை என்று ஒரு பிரதமர் சொன்னது அதுவரை நடக்காதது. பள்ளிப் பிள்ளைகள் தினமும் காலையில் "நான் துருக்கியன், நேர்மையானவன், உழைப்பாளி" என்று சொல்லி வந்த உறுதிமொழியை 2013இல் நீக்கினீர்கள். 2012இலிருந்து குர்து மொழி விருப்பப் பாடமானது. இதையெல்லாம் செய்த அரசு எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைத்தான் பேச வேண்டும்.

2009ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1ஆம் தேதி அரசுத் தொலைக்காட்சி குர்து மொழி அலைவரிசையைத் தொடங்கியது. நீங்களே குர்து மொழியில் ஒரு வாழ்த்துச் சொன்னீர்கள். மார்ச் மாதம் உள்ளாட்சித் தேர்தல். இடையில் பிப்ரவரி 24ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் தம் கட்சிக் குழுக் கூட்டத்தில் குர்து ஆதரவுக் கட்சித் தலைவர் அஹ்மத் துர்க் குர்து மொழியில் பேசத் தொடங்கினார். அதே அரசுத் தொலைக்காட்சி நேரலையைத் துண்டித்தது. அரசு குர்து மொழியில் பேசலாம், குர்து மனிதர் அவர் மொழியில் அரசிடம் பேசக் கூடாது என்று இரண்டே மாதத்தில் தெளிவாகிவிட்டது.

அந்த அஹ்மத் துர்க்கின் கதை அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய கட்சி தடை செய்யப்பட்டது. 2014இல் மார்தின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 2016இல் நீக்கப்பட்டார். 2019இல் மறுபடியும் வென்றார், அந்த ஆண்டே நீக்கப்பட்டார். 2024இல் மூன்றாம் முறை வென்றார், நவம்பரில் மூன்றாம் முறையும் நீக்கப்பட்டார். அப்போது அவருக்கு 80 வயதுக்கு மேல். மூன்று முறையும் அவர் நாற்காலியில் அரசு நியமித்த கய்யூம், அதாவது பொறுப்பு நிர்வாகி, உட்கார்ந்தார். மார்தின் மக்கள் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், குர்துகள், அரபிகள் என்று கலந்து வாழ்கிறவர்கள். அவர்களிடம் அடுத்த தேர்தலில் சகோதரத்துவம் என்று பேசப் போகும்போது, இந்த மூன்று முறைக்கும் உங்களிடம் என்ன விளக்கம் இருக்கும்?

இது உங்களோடு தொடங்கியதல்ல என்பதும் எனக்குத் தெரியும். முதல் உலகப் போருக்குப் பிறகு முஸ்தபா கமால் குர்துத் தலைவர்களின் ஆதரவைக் கேட்டபோது, கிலாஃபத்தைக் காப்போம், இஸ்லாமியச் சகோதரர்களாய் நிற்போம் என்றுதான் கேட்டார். குர்துகள் நின்றார்கள். 1924 மார்ச் 3ஆம் தேதி கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. அன்றைக்கே நிறைவேறிய கல்விச் சட்டத்தால் மதரஸாக்களும் மூடப்பட்டன. இந்த இரண்டாவதை நம் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குர்து மொழியில் பாடம் நடந்தது அந்த மதரஸாக்களில்தான். மெலே என்று அழைக்கப்படும் குர்து ஆலிம்கள் அரபு இலக்கணத்தையும் ஃபிக்ஹையும் குர்து மொழியில் விளக்கிச் சொல்லிக் கொடுத்தார்கள். மூடிய பிறகும் கிராமங்களில் ரகசியமாக நடத்தினார்கள். குர்துகளைப் பொறுத்தவரை மார்க்கமும் மொழியும் ஒரே அறையில் வளர்ந்தவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கச் சொல்வது அதனால்தான் அங்கே எடுபடுவதில்லை.

அடுத்த ஆண்டு நக்‌ஷபந்தி ஷெய்கு சையித் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அது மார்க்கத்துக்கான எழுச்சியா குர்து இனத்துக்கான எழுச்சியா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டையும் பிரிக்க முடியவில்லை. 1925 ஜூன் 29ஆம் தேதி தியார்பகிரில் அவரும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்பது குடும்பத்துக்குச் சொல்லப்படவில்லை. பித்லிஸ் பகுதியைச் சேர்ந்த குர்து ஆலிம் சையித் நுர்ஸி 1960இல் உர்ஃபாவில் இறந்தபோதும் அப்படித்தான். ராணுவப் புரட்சிக்குப் பிறகு அவர் கப்ரைத் தோண்டி, உடலை யாருக்கும் தெரியாத இடத்துக்குக் கொண்டு போனார்கள்.

அப்புறம் ஓட்டு அரசியல் வந்தது. 1950இல் ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சி, துருக்கி மொழியில் மட்டுமே சொல்ல வேண்டியிருந்த பாங்கை மீண்டும் அரபியில் சொல்ல அனுமதித்தது. குர்துப் பகுதிகளில் ஷெய்கு குடும்பங்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் வேட்பாளர் பட்டியலில் இடம் தந்தது. தூக்கிலிடப்பட்ட ஷெய்கு சையிதின் பேரன் அப்துல்மலிக் ஃபிராத் 1957இல் அந்தக் கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் போனார். தாத்தாவின் பெயருக்கு ஓட்டு இருந்தது, எனவே பேரனுக்கு இடம் கிடைத்தது. தாத்தாவின் கப்ரு எங்கே என்பது மட்டும் வெளிவரவில்லை. பிற்காலத்தில் அந்தப் பேரன் குர்து உரிமைக்கென்றே தனிக்கட்சி தொடங்க வேண்டி வந்தது.

இஸ்லாமியவாதத் தலைவர் எர்பகானின் நலக் கட்சியும் இதே வழியில்தான் வளர்ந்தது. 1994இல் பிங்கோலில் அவர் பேசிய பேச்சு பிரபலம். முன்பு பிள்ளைகள் பிஸ்மில்லா சொல்லிப் பாடம் தொடங்கினார்கள், அதை எடுத்துவிட்டு "நான் துருக்கியன், நேர்மையானவன்" என்று சொல்ல வைத்தீர்கள், அப்படியானால் ஒரு குர்து முஸ்லிம் பிள்ளைக்கு "நான் குர்து, உன்னைவிட நேர்மையானவன்" என்று சொல்லும் உரிமை வந்துவிடுகிறது என்றார். அதற்காகப் பின்னாளில் தண்டிக்கப்பட்டார். அந்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், குர்து ஆதரவுக் கட்சி தாக்குதல்களால் போட்டியிலிருந்து விலகிவிட, தியார்பகிரை நலக் கட்சி பிடித்தது. ஆனால் அதே எர்பகான் 1991 தேர்தலில் குர்து இனத்தையே ஏற்காத துருக்கித் தேசியவாதிகளோடு கூட்டுச் சேர்ந்தவர். இஸ்லாமியச் சகோதரத்துவம் என்று தென்கிழக்கில் பேசி, தேசியவாதக் கூட்டணியை அங்காராவில் வைத்துக்கொள்வது அங்கிருந்தே வருகிறது.

தியானெத் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்சிகளின் மேடைப் பேச்சை விட இதுதான் வாரந்தோறும் குர்து மனிதரைத் தொடுகிறது. இமாம்களை அரசு நியமிக்கிறது, சம்பளம் தருகிறது. துறையின் போக்கு ஹனஃபி, வெள்ளிக்கிழமை உரை துருக்கி மொழி. 2011 வசந்த காலத்தில் குர்துகள் அரசு இமாமுக்குப் பின்னால் தொழ மாட்டோம் என்று தெருவிலும் சதுக்கத்திலும் ஜும்ஆ தொழ ஆரம்பித்தார்கள். மெலேகள் குர்து மொழியில் உரை நிகழ்த்தினார்கள். தாய்மொழிக் கல்வி, அரசியல் கைதிகள் விடுதலை, ராணுவ நடவடிக்கை நிறுத்தம், 10 விழுக்காட்டுத் தடை நீக்கம் ஆகிய நான்கும் அவர்களின் கோரிக்கைகள். எட்டு மாதம் போல ஆனதும், 1,000 மெலேகளை அரசுப் பணியில் சேர்ப்போம் என்று அரசு அறிவித்தது. நான்கு கோரிக்கைகளையும் விட்டுவிட்டு, கேட்டவர்களில் சிலருக்கு மட்டும் சம்பளம். பசித்தவன் சோறு கேட்டால் சமையல்காரனை வேலைக்கு எடுத்துக்கொண்டு போவது போலத்தான் இது இருந்தது.

சரி, குடியரசு மக்கள் கட்சிக்கு வருகிறேன். மதத்தைப் பயன்படுத்தவில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் 2016 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சட்டப் பாதுகாப்பை நீக்கும் திருத்தம் வந்தபோது, இது அரசியலமைப்புக்கு முரண்தான், இருந்தாலும் ஆதரிப்போம் என்றார் அன்றைய உங்கள் தலைவர். நவம்பரில் மக்கள் ஜனநாயகக் கட்சியின் இணைத் தலைவர்கள் செலாஹத்தின் தெமிர்தாஷும் ஃபிகென் யுக்செக்தாகும் கைதானார்கள். தெமிர்தாஷை உடனே விடுவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020இல் சொன்ன பிறகும் அவர் ஆண்டுக்கணக்கில் சிறையிலேயே இருந்தார். அந்தக் கதவைத் திறந்தவர்களில் நீங்களும் உண்டு. 2019இல் இஸ்தான்புல்லில் குர்து வாக்குகள் உங்கள் கட்சியின் இமாமோக்லுவை மேயராக்கின. 2023 ஏப்ரலில் உங்கள் அதிபர் வேட்பாளர் கிலிச்தாரோக்லு, குர்துகளைப் பயங்கரவாதிகளாகச் சித்தரிப்பதை எதிர்த்து நெஞ்சைத் தொடும் காணொளி வெளியிட்டார். தியார்பகிர் 70 விழுக்காட்டுக்கும் மேல் அவருக்கு வாக்களித்தது. இரண்டாம் சுற்றுக்கு நான்கு நாள் முன்பு, குடியேறிகளுக்கு எதிரான தீவிரத் தேசியவாதி உமித் ஒஸ்தாகுடன் ஒப்பந்தம் போட்டார். அப்போதும் அந்த மக்கள் பெரும்பாலும் அவருக்கே வாக்களித்தார்கள். 2025 மார்ச்சில் இமாமோக்லுவே கைதானபோது நீங்கள் தெருவில் இறங்கினீர்கள். கய்யூம் வந்த மார்தினுக்கும் வான் நகருக்கும் அதே வேகம் வேண்டியிருந்தது.

இஸ்தான்புல் பெயர் வந்ததால் ஆளும் தரப்புக்கு இன்னொன்று. 2019 மார்ச் தேர்தலுக்கு முன், குர்திஸ்தான் என்று பேசுகிறவர்கள் வட ஈராக்குக்குப் போகட்டும் என்றார் அதிபர். ஜூனில் இஸ்தான்புல் மேயர் மறுதேர்தலுக்கு முன் உங்கள் வேட்பாளர் பினாலி யில்திரிம் தியார்பகிரில் நின்று, 1920 நாடாளுமன்றத்தின் குர்திஸ்தான் உறுப்பினர்களைப் பற்றிப் பேசினார். அரசுத் தொலைக்காட்சியில், குர்து ஆயுத இயக்கமான பி.கே.கே.யின் நிறுவனர் ஒஜலானின் தம்பி தோன்றினார். குர்து வாக்காளருக்கு நினைவாற்றல் இல்லை என்று நினைத்தால்தான் இப்படி நடக்க முடியும்.

ஹூதா பார் கட்சித் தலைவர்களே, நீங்கள் குர்துகள், மார்க்கப் பற்றுள்ளவர்கள், தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று உங்கள் கொள்கை அறிக்கையிலேயே எழுதியவர்கள். ஆனால் 1990களில் குர்து நகரங்களில் ரத்தம் சிந்திய ஹிஸ்புல்லாவின் ஆதரவுத் தளத்திலிருந்து வந்தவர்கள் நீங்கள். (லெபனானில் உள்ள அமைப்போடு இதற்குத் தொடர்பில்லை.) 2000இல் நிலவறைகளிலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட பிணங்களில் தொழுகையாளிகளும் இருந்தார்கள். அதைப் பற்றித் தெளிவாகப் பேசாமல் நபி பிறந்தநாள் கூட்டங்களில் ஒற்றுமையைப் பேசுவது போதாது. 2023இல் ஆளும் கட்சிப் பட்டியலில் உங்களுக்கு நான்கு இடம் கிடைத்தது. அந்த நான்கு இடத்தைக் கொண்டு கய்யூம் நியமனங்களைத் தடுத்திருக்கலாமே?

மக்கள் ஜனநாயகக் கட்சியின் வழிவந்த டெம் கட்சித் தோழர்களே, அதிகம் அடிபட்டவர்கள் நீங்கள் என்பதால் உங்களிடம் குரலை உயர்த்த எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்கிறேன். 2014 மே மாதம் உங்கள் இயக்கம் தியார்பகிரில் ஜனநாயக இஸ்லாம் மாநாடு நடத்தியது. 2015 பட்டியலில் மார்க்க அறிஞர்களும் ஹிஜாப் அணிந்த பெண்களும் இருந்தார்கள். அந்த அகலம்தான் 80 இடம் தந்தது. பக்தியுள்ள குர்து உங்களுக்குத் தேர்தல் காலத் தேவையா, கட்சியை நடத்தும் பங்காளியா என்ற கேள்வியை அவர்களே கேட்கிறார்கள். 2014 அக்டோபர் கொபானி கலவரங்களில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குர்பானி இறைச்சி பங்கிடப் போன 16 வயதுப் பையன் தியார்பகிரில் நண்பர்களோடு கொல்லப்பட்டான். அரசு அதை உங்களுக்கு எதிராக எவ்வளவு பயன்படுத்தியிருந்தாலும், அந்தத் தாயிடம் நீங்கள் பேச வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது. குர்துவாகப் பிறந்தால் எங்களுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற எண்ணமும், முஸ்லிமாக இருந்தால் எங்களுக்குத்தான் என்ற எண்ணமும் வாக்காளரைச் சிறுமைப்படுத்துவதில் ஒன்றுபோலத்தான்.

இப்போது காலம் மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் தேசியவாதத் தலைவர் பாஹ்செலியே, ஒஜலான் நாடாளுமன்றத்தில் வந்து பேசட்டும் என்றார். 2025 பிப்ரவரி 27ஆம் தேதி ஒஜலான் ஆயுதத்தைக் கைவிடச் சொன்னார். மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைப்பதாக அறிவித்தது. ஜூலை 11ஆம் தேதி சுலைமானியா அருகே 30 பேர் ஆயுதங்களைத் தீயில் போட்டார்கள். மறுநாள் அதிபர் தம் கட்சிக் கூட்டத்தில் துருக்கியர், குர்துகள், அரபிகள் ஒன்றாக நின்ற வரலாற்றையும் ஜெருசலேமையும் நினைவுகூர்ந்தார். 40 ஆண்டு மரணத்துக்குப் பிறகு கிடைத்த அமைதியை நான் மனமார வரவேற்கிறேன், அதற்காக துஆ செய்கிறேன். அதனாலேயே பயமும் இருக்கிறது. 1920இலும் இதே சொற்கள்தான் சொல்லப்பட்டன.

அமைதிக்காக நாடாளுமன்றம் அமைத்த ஆணையத்தின் முன் 2025 ஆகஸ்டில் பிள்ளையை இழந்த தாய் ஒருவர் வந்தார். தன் மொழியில் பேச விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. 1991இல் குர்து உறுப்பினர் லெய்லா ஸானா அதே நாடாளுமன்றத்தில் பதவியேற்றபோது குர்து மொழியில் சொன்ன ஒரே வாக்கியம், துருக்கி, குர்து மக்களின் சகோதரத்துவத்துக்காக இந்த உறுதிமொழியை ஏற்கிறேன் என்பது. பாதுகாப்பு பறிக்கப்பட்டு, 1994இலிருந்து பத்து ஆண்டுகள் சிறையில் இருந்தார். இன்று நீங்கள் எல்லோரும் மேடையில் சொல்லும் வாக்கியம் அதுதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அரசியலமைப்பின் 42ஆம் பிரிவு, கல்வி நிலையங்களில் துருக்கி தவிர வேறெந்த மொழியையும் தாய்மொழியாகக் கற்பிக்கக் கூடாது என்கிறது. டெம் கட்சியும் ஹூதா பாரும் இந்தப் பிரிவில் ஒரே கருத்துள்ளவர்கள். உங்களுக்கிடையே ரத்தப் பகை இருப்பது தெரிந்தும் கேட்கிறேன், இந்த ஒரு திருத்தத்தைக் கூட்டாகக் கோருங்கள். கூடவே கய்யூம் நியமனத்துக்கு வழி செய்யும் உள்ளாட்சிச் சட்ட விதியையும், குர்துப் பகுதிப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ உரையின் மொழியையும், ஜெம் இல்லங்களின் அந்தஸ்தையும் தனித்தனி மசோதாவாக வையுங்கள். 600 பேர் உள்ள அவையில் அரசியலமைப்பைத் திருத்த 400 வாக்கு வேண்டும், மக்கள் வாக்கெடுப்புக்கு அனுப்ப 360 வேண்டும். ஆளும் கட்சியும், தேசியவாத இயக்கக் கட்சியும், குடியரசு மக்கள் கட்சியும் தங்கள் நிலையை வெளிப்படையாக அறிவிக்கட்டும். யார் ஆதரித்தார்கள், யார் ஆதரிக்கவில்லை என்ற பட்டியலைக் குர்து மொழியில் அச்சிட்டு ஒவ்வொரு கிராமத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த தேர்தலில் தியார்பகிர் மேடையில் ஏறுகிறவர் முதலில் அதைப் பற்றிப் பேசட்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தமிழகக் கடற்கரையிலிருந்து ஒரு ஷாஃபி முஸ்லிம்